பதினெட்டாம் நம்பர் காடு

மாரீஸ்வரி கம்ப்யூட்டர் படிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்று நான் சிரித்த சிரிப்பு எங்கள் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும். மறைப்பானேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தேன். நாற்பத்து நான்கு வயது. இருபத்திரண்டு வருடமாக என்னோடு ஒரே கேங்கில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். செண்பகச்சோலை எஸ்டேட்டில் பத்து வீட்டை ஒட்டிக் கட்டிய லயத்தில் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் வீட்டில் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். அப்படிப்பட்டவள் கோடிங் எழுதப் போகிறாளாம்.

"ஏட்டி, கத்தரி பிடிச்சுக் காய்ச்சுப்போன கை இது. இத வச்சுக்கிட்டு என்னத்தத் தட்டப் போற?" என்று கேட்டேன்.

"இந்தக் கை இனிமே கத்தரிக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு மதினி. வேற எதுக்காவது ஆகுமான்னு பாக்கணும்லா" என்றாள்.

நான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். அவளுடைய வலது தோளைப் பற்றி எனக்குத் தெரியும். கொழுந்து வெட்டுகிற கத்தரியில் ஒரு தட்டு பொருத்தியிருப்பார்கள். வெட்டிய இலை அதில் விழுந்து கனம் ஏறிக்கொண்டே போகும். நாள் முழுக்க அதைத் தூக்கித் தூக்கி அவளுக்குத் தோள் இறங்கிவிட்டது. தலைக்கு மேல் கை போகாது. அவள் புருஷன் ஈஸ்வரன்தான் காலையில் அவளுக்குத் தலை வாரிவிடுவான். கோணலும் மாணலுமாகப் பின்னிவிட்டு அவளிடம் திட்டு வாங்குவது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். இன்னும் ஒரு வருடம் கத்தரி பிடித்தால் கை மொத்தமாகத் தூக்க வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மார்க் எடுத்தவள். கல்யாணம் ஆகி மலை ஏறியதோடு அது முடிந்தது. மூணாறில் ஒரு நூலகத்து மாடியில், சனி ஞாயிறு, பெண்களுக்கு இலவசமாக ஆறு மாத வகுப்பு என்று யாரோ சொல்ல, போய்ச் சேர்ந்துவிட்டாள். டீச்சர் மலையாளத்தில் சொல்வாள். இவள் நோட்டில் தமிழில் எழுதுவாள். கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் அடிக்க வேண்டும். மூன்று பாஷைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இவள் என்ன பாடு படப்போகிறாளோ என்று நினைத்தேன். முதல் மாதம் நடுவிலேயே ஓடி வந்துவிடுவாள் என்று கேங்கில் எல்லாரிடமும் சொல்லியும் வைத்தேன். அவள் ஓடி வரவில்லை. டீ குடிக்கிற நேரத்தில்கூட மண்ணில் குச்சியால் கோடு போட்டு எதையோ எழுதி அழித்துக்கொண்டிருப்பாள்.

"அப்படி என்னதாட்டி இருக்கு அதுல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேலை ஏவுறதுதான் மதினி. ஒரு விவரமும் தெரியாத புது ஆளுக்குச் சொல்லுற மாதிரி ஒண்ணொண்ணாச் சொல்லணும். சொன்னத மட்டும்தான் செய்யும். நாம சொல்ல விட்டுட்டோம்னா அது பாட்டுக்கு நிக்கும், இல்ல பள்ளத்துல போயி விழும்."

இதை அவள் சொல்லும்போது நான் காதில் வாங்கவில்லை. பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் மூணாறில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த சின்ன ஆபீசில் அவளைக் கூப்பிட்டார்கள். நடத்துகிறவள் ஆன்மேரி என்று ஒரு பெண். முப்பது வயதுதான் இருக்கும், ஆனால் ஆள் கெட்டி. எங்கள் எஸ்டேட்டுக்கு யானை எச்சரிக்கை செய்து தரும் வேலையை எடுத்திருந்தாள். யானை எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஒத்தையான் வேறு மாதிரி. கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரிகிற கொம்பன். போன மே மாதம் கீழ் லயத்தில் ஒருவரைத் தூக்கி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவர் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் மேனேஜருக்கு ஞானம் பிறந்தது. காவலுக்கு இருக்கிற வாட்சர் யானையைப் பார்த்ததும் காட்டு நம்பரைப் போனில் அனுப்ப வேண்டும். அது எந்த இடம், அங்கே யார் யார் வேலை செய்கிறார்கள், எந்த வழியாகத் தப்பிப் போக வேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து, அவர்கள் போனுக்கு மட்டும் பேசும். இந்தக் கண்டுபிடிக்கிற பகுதியை எழுதுவதுதான் மாரீஸ்வரியின் வேலை.

நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைகள் ஆன்மேரியிடம் ஏற்கெனவே இருந்தார்கள். ஆனால் எங்கள் காடு தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எங்களுக்குக் காடு என்றால் தேயிலைத் தோட்டம்தான். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. எந்தக் காட்டிலிருந்து எந்தக் கல்படி எங்கே போகும் என்பது மாரீஸ்வரிக்குத் தலைகீழ்ப் பாடம். மூன்று மாதம் வேலை பார்க்கட்டும், சரியாக வந்தால் நிரந்தரம் என்று ஆன்மேரி சொன்னாள். எஸ்டேட்டிலும் சம்பளமில்லாத மூன்று மாத லீவு கொடுத்தார்கள். நவம்பர் முப்பதாம் தேதி கெடு. அதற்குள் அந்த வேலை நிலைக்கவில்லை என்றால் டிசம்பர் ஒன்றாம் தேதி அவள் மறுபடியும் கத்தரியைப் பிடிக்க வேண்டும், அந்தத் தோளோடு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடி கெட இருந்தது இதில்தான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு டிவிஷனை ஒன்றாக்கினார்கள். அப்போது ஆபீசில் காட்டுக்கெல்லாம் புது நம்பர் போட்டு மேப்பும் வரைந்துவிட்டார்கள். நாங்கள் மாறவில்லை. பழக்கத்தில் இருந்த பழைய நம்பரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், இன்றைக்கும் அப்படித்தான். காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கிற மஸ்டரில் ஆபீஸ் சீட்டு சூப்பர்வைசர் பழனிச்சாமி அண்ணாச்சி கைக்கு வரும். அதில் புது நம்பர் இருக்கும். அவர் அதைப் பார்த்துவிட்டு, வாயால் பழைய நம்பரைச் சொல்லி எங்களைப் பிரித்து அனுப்புவார். சீட்டை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. புது நம்பர் என்று ஒன்று இருப்பதே எங்களில் பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. எங்களுக்குப் பதினெட்டு என்றால் மாடசாமி கோயிலுக்குக் கீழே நடுச்சரிவில் இருக்கும் காடு. ஆபீஸ் மேப்பில் பதினெட்டு என்பது ஆற்றோரம் பம்ப் ஹவுஸை ஒட்டிய காடு. அதை நாங்கள் ஏழு என்போம்.

மாரீஸ்வரி நாற்பது காட்டையும் மனப்பாடமாக, எங்கள் நம்பரில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். எஸ்டேட் கொடுத்த மேப் ஆபீஸ் மூலையில் சுருட்டி வைத்திருந்தது. "இதையும் ஒருக்கா ஒத்துப் பார்க்கலாமா சேச்சி?" என்று ஆன்மேரி கேட்டிருக்கிறாள். "எதுக்கு? எனக்குத் தெரியாத காடா?" என்று இவள் சொல்லியிருக்கிறாள். பிறகு அவளே என்னிடம் சொன்னதுதான் இது. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சோதனை எல்லாம் சரியாகத்தான் போனது. எப்படிப் போகாமல் இருக்கும்? சோதனைக்கு நம்பர் அனுப்பியது பழனிச்சாமி அண்ணாச்சி. யார் எந்தக் காட்டில் என்று தினமும் காலையில் கம்ப்யூட்டருக்கு அனுப்புவதும் அவர்தான். அவருக்கு வாயில் வருவதும் பழைய நம்பர்தானே! எங்கள் போன் அடிக்கும். எடுத்தால் ஒரு மிஷின் பெண் டிவியில் செய்தி வாசிப்பதுபோல, "அன்பார்ந்த தொழிலாளர்களே, தயவுசெய்து" என்று ஆரம்பிப்பாள். நாங்கள் போனை ஒருத்திக்கொருத்தி நீட்டிச் சிரிப்போம். "யானைகிட்டயும் தயவுசெய்துன்னு சொல்லச் சொல்லு" என்று நான் மாரீஸ்வரியைக் கிண்டல் செய்தேன்.

நவம்பர் பதினெட்டாம் தேதி. நாலு நாள் மழைக்குப் பிறகு பளீரென்று வெயில். நாங்கள் பன்னிரண்டு பேர் கோயிலுக்குக் கீழே எங்கள் பதினெட்டாம் நம்பரில் நின்றோம். ஈஸ்வரனும் எங்களோடு இருந்தான், மூட்டை தூக்க. எட்டே முக்காலுக்கு எல்லார் போனும் ஒன்றாக அடித்தது.

"அன்பார்ந்த தொழிலாளர்களே. பதினெட்டாம் நம்பர் காட்டில் யானை உள்ளது. தயவுசெய்து கீழ்வழியாக இறங்கி ஆற்று ரோட்டுக்குச் செல்லவும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எங்கள் காட்டுக்கு மேலே சோலை, மரம் அடர்ந்த நிஜக் காடு. யானை வந்தால் அங்கிருந்துதான் வரும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். கத்தரியைப் போட்டுவிட்டு, சோற்றுத் தூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, கல்படியில் கீழே ஆற்றைப் பார்த்து இறங்க ஆரம்பித்தோம். அடிக்கொரு தரம் மேலே திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினோம். யானை கீழே நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குக் காவலில் இருந்தவன் ரிஜின். புதிதாக வந்த வாட்சர். பாவம், அவனுக்கு ஆபீசில் கொடுத்த மேப்தான் வேதம். பம்ப் ஹவுஸ் பக்கத்தில் ஒத்தையானைப் பார்த்திருக்கிறான், மேப்பைப் பார்த்துப் பதினெட்டு என்று அனுப்பியிருக்கிறான். கூடவே ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பினான். அந்தப் பள்ளத்தில் டவர் கிடைப்பதே பெரும்பாடு. நம்பர் உடனே போய்விட்டது. போட்டோ போய்ச் சேர எட்டு நிமிடம் ஆனது.

மூணாறில் மாரீஸ்வரி திரையில் எங்கள் பன்னிரண்டு போனுக்கும் கால் போய்விட்டது என்று பார்த்து, எழுந்து கையைக்கூடத் தட்டினாளாம். முதல் நிஜ யானை. தான் எழுதியது வேலை செய்துவிட்டது என்கிற சந்தோஷம். டீ ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது போட்டோ வந்தது. தேயிலைக்கு நடுவில் கரேலென்ற முதுகு. அதற்குப் பின்னால் நீலக் கதவு போட்ட பம்ப் ஹவுஸ்.

இருபத்திரண்டு வருடம் அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து சோறு தின்றவள் அவள். அது ஏழாம் நம்பர் என்று அவளுக்குத் தெரியாதா? பதினெட்டு என்று ஏன் வந்தது என்று ஒரு நொடி திகைத்திருக்கிறாள். பிறகு மூலையில் கிடந்த மேப்பை இழுத்து மேஜையில் விரித்திருக்கிறாள். அதில் பம்ப் ஹவுஸை ஒட்டிய காட்டில் பதினெட்டு என்று போட்டிருந்தது. கீழ்வழியாகப் போங்கள் என்று எங்களை அனுப்பி வைத்தது அவள் எழுதிய வரி. அந்த வழி நேராக அந்த நீலக் கதவுக்குத்தான் போகும்.

எனக்குப் போன் போட்டாள், ஈஸ்வரனுக்குப் போட்டாள். ஒருவருக்கும் கிடைக்கவில்லை. கல்படியில் இரண்டாவது வளைவு தாண்டினால் டவர் போய்விடும். அது அவளுக்கும் தெரியும். ரிஜினுக்கும் கிடைக்கவில்லை. பழனிச்சாமி அண்ணாச்சி பைக்கில் போய்க்கொண்டிருந்தார், எடுக்கவில்லை. ஆன்மேரி மேனேஜரைக் கூப்பிட்டாள், பிஸி. எங்கள் கால் எவ்வளவு வேகம் என்று மாரீஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். இன்னும் ஆறு நிமிடம், மிஞ்சினால் ஏழு நிமிடத்தில் ஆற்று ரோட்டில் நிற்போம்.

அப்போதுதான் அவளுக்கு ஃபேக்டரிச் சங்கு ஞாபகம் வந்தது.

முன்பு ஒரு வருடம் மழையில் எங்கள் எஸ்டேட்டில் மண் இறங்கியது. அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டார்கள். சங்கு நிற்காமல் நீளமாக ஊதினால் மண் வருகிறது என்று அர்த்தம். எங்கே, என்ன, ஏன் என்று கேட்கக் கூடாது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் மேல் ரோட்டுக்கு ஏற வேண்டும். வருடத்துக்கு இரண்டு தரம் ஒத்திகை நடக்கும். ஏறாதவளுக்கு அன்றைய பேர் கிடையாது, கூலியும் கிடையாது. மேனேஜர் சொல்லாமல் அந்தச் சங்கை ஊதினால் வேலையே போய்விடும்.

சங்கு பாய்லர் ரூமில் சகாயம் அண்ணன் கையில் இருந்தது. அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நீளச் சங்கு ஊதுங்க. இப்பமே ஊதுங்க!"

"என்ன தங்கச்சி சொல்லுத? மண்ணு எறங்கிருச்சா?"

யானை என்று சொன்னால் அவர் மேனேஜரைக் கேட்கப் போவார். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"எறங்கிருச்சுண்ணே! ஊதுங்க!" என்று கத்தினாள்.

அவர் ஊதிவிட்டார்.

நாங்கள் மூன்றாவது வளைவில் இருந்தோம். நான்தான் கடைசி. என் உடம்புக்கு அந்தப் படி ஒத்துவராது, அதனால் எல்லாரையும் வைதுகொண்டே இறங்கினேன். சங்கு ஆரம்பித்தது. நிற்கும் என்று பார்த்தோம், நிற்கவில்லை.

"வெயில் இந்தப் போடு போடுது, மண்ணு எங்கட்டி வரும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மேல யானை நிக்கி, மேல ஏறச் சொல்லுதாவ! கூறுகெட்ட பயலுவ!" என்று நானும் கத்தினேன். உண்மையில் எங்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. மேலே யானை என்று போன் சொல்கிறது. மேலே வா என்று சங்கு கூப்பிடுகிறது. ஆனால் மண் இறங்கிய வருடத்தில் நாங்கள் பார்த்ததெல்லாம் இருக்கிறதே, அது காலை நிற்க விடவில்லை. வாயில் வசவு ஓடிக்கொண்டிருக்க, கால் தானாகத் திரும்பி மேலே ஏறியது. எல்லாரும் என்னைத் தாண்டிப் போக, நான் மூச்சு வாங்கி நின்று கீழே பார்த்தேன்.

முப்பது முப்பத்தைந்து அடி கீழே, அடுத்த வளைவில், சில்வர் ஓக் மரம் ஒன்று ஆடியது. காற்றே இல்லை. பிறகு அதற்குப் பக்கத்தில் ஒத்தையானின் தலை தெரிந்தது. சங்குச் சத்தம் பிடிக்காமல் காதை விரித்து நின்றது. இன்னும் இரண்டு நிமிடம் இறங்கியிருந்தால் நாங்கள் அந்த மரத்தடியில் நின்றிருப்போம்.

"ஏறுங்கட்டி!" என்று நான் போட்ட சத்தத்தில் மற்றப் பதினோரு பேரும் பறந்தார்கள். நான் பறக்கவில்லை. தண்ணி போகிற கானில் கால் சறுக்கி விழுந்தேன். கணுக்கால் படக்கென்றது எனக்கே கேட்டது. ஈஸ்வரன் திரும்பி ஓடி வந்து, மூட்டை தூக்குகிற மாதிரி என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஏறினான். கீழே படியில் நாங்கள் போட்டுவிட்டு வந்த சோற்றுத் தூக்குகளை யானை மிதித்து நசுக்குகிற சத்தம் மேல் ரோடு வரை கேட்டது.

ஒரு மணி நேரத்தில் எஸ்டேட் மொத்தமும், நானூறு பேரும், மேல் ரோட்டில் நின்றார்கள். மண் எங்கேயும் இறங்கவில்லை. மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. சகாயம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றார். "எறங்கிருச்சுன்னு போன் வந்துச்சு சார்" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ரிஜின் இன்னொரு பக்கம், தப்பு நம்பர் அனுப்பிவிட்டேனோ என்று முழித்துக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்னை ஜீப்பில் ஏற்றி, காலில் விறகுக் கட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மூணாறிலிருந்து ஆன்மேரியின் கார் வந்தது. மாரீஸ்வரி இறங்கினாள்.

காரில் வரும்போதே ஆன்மேரி அவளிடம் சொல்லியிருக்கிறாள்: "சேச்சி, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நான் பேசிக்கறேன்." சிஸ்டம் கோளாறு என்று சொன்னால் விஷயம் முடிந்துவிடும். முப்பதாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. மாரீஸ்வரிக்கு அது தெரியாமல் இல்லை.

அவள் நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"சார், ரிஜின் அனுப்பினது சரியான நம்பர்தான். நான் எழுதினதுதான் தப்பு. மேப்பப் பாக்காம பழைய நம்பரப் போட்டுட்டேன். இவுகள கீழ அனுப்பினதும் நான்தான். மண்ணுன்னு சகாயம் அண்ணன்ட்ட பொய் சொன்னதும் நான்தான். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "அடிப்பாவி! இருபத்திரண்டு வருசம் உன் கூடப் பெறந்தவ மாதிரி இருந்தேனே, என்னைய யானை வாயில போடவாட்டி நீ படிச்ச?" என்று ஆரம்பித்து, எழுத முடியாததையெல்லாம் சொன்னேன். அவள் புருஷனும் அந்தப் படியில்தான் இறங்கினான் என்பது அப்போது எனக்கு ஞாபகமில்லை. அவள் ஜீப் கிளம்பும்வரை அங்கேயே நின்றாள்.

சகாயம் அண்ணனுக்கு மெமோவோடு போயிற்று. ஆனால் பெண்கள் அத்தனை பேரும், என் நம்பரை எடு, எனக்குக் கால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆன்மேரி மாரீஸ்வரியை அனுப்பவில்லை. ஆனால் வெளிப்படையாகச் சொல்லிவிட்டாள்: போன் நம்பர் இல்லாமல் இந்த வேலை இல்லை, வேலை இல்லாமல் முப்பதாம் தேதிக்குப் பிறகு தன்னால் யாரையும் வைத்துக்கொள்ள முடியாது.

மறுநாள் காலை மஸ்டரில் மாரீஸ்வரி நோட்டோடும் மேப்போடும் வந்து நின்றாளாம். ஒருத்தியும் முகம் கொடுக்கவில்லை. பழனிச்சாமி அண்ணாச்சிதான் கடைசியில் பக்கத்தில் வந்தார். "பன்னெண்டு வருசமா ரெண்டு நம்பரையும் வாயிலயே வச்சிருந்தேன். ஒரு தாள்ல எழுதி ஒட்டணும்னு எனக்கும் தோணல. வா, நடப்போம்" என்று கூட்டிக்கொண்டு போனார். நாற்பது காட்டையும் மூன்று நாளில் நடந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆபீஸ் நம்பர், எங்கள் நம்பர், அங்கே நிற்கிற பாறை, மரம், கோயில், எல்லாம் எழுதிக்கொண்டாள். பாறையும் மரமும் எந்த ஆபீசிலும் மாறாது.

எனக்குக் காலில் மாவுக்கட்டு. என் வீட்டுக்காரர் வண்டன்மேட்டில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை. வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். அதனால் மாரீஸ்வரிதான் பஸ்ஸுக்குப் போகும் முன்னால் இடது கையால் குடம் தூக்கித் தண்ணீர் வைப்பாள், கஞ்சி வைப்பாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஐந்து நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சியை மட்டும் குடித்தேன், வீம்புக்குப் பட்டினி கிடக்க எனக்கு வராது.

ஆறாம் நாள் அவள் போகாமல் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மதினி, உங்க குரல் வேணும்."

நான் திரும்பவில்லை.

"அந்த மிஷின் பொம்பள பேசினா இனி யாரும் கேக்க மாட்டாக. அன்னிக்குக் கல்படியில ஏறுங்கட்டின்னு நீங்க போட்ட சத்தத்துல பதினோரு பேரும் ஓடினாகன்னு எங்க வீட்டுக்காரவுக சொன்னாக. அந்தச் சத்தம் வேணும்."

"என்னைய சாகக் குடுக்கப் பாத்தவளுக்கு நான் குரல் வேற குடுக்கணுமா?" என்று சுவரைப் பார்த்தே கேட்டேன்.

"அதுக்காகத்தான் கேக்குதேன். இதுல கால ஒடிச்சுக்கிட்டவ நீங்க. நீங்களே சொன்னா, பொய்யா இருக்காதுன்னு நம்புவாக."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கட்டில் பக்கத்தில் இருந்த செம்பை எடுத்து வீசினேன். அவள் மேல் படவில்லை. அவள் எழுந்துபோய்ச் செம்பை எடுத்து, கழுவி, மறுபடி தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் வைத்தாள். வலது கை எழாமல் இடது கையால் தாங்கித்தான் வைத்தாள். இந்தக் கையோடு இவள் டிசம்பரில் கத்தரி பிடிக்கப் போகிறாள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைக் காட்டிக்கொள்வேனா?

"தயவுசெய்துன்னு எல்லாம் என் வாயில வராது" என்றேன்.

"வரவே வேண்டாம் மதினி."

"நம்பரும் சொல்ல மாட்டேன். பாறை, மரம், அதத்தான் சொல்லுவேன்."

"அதத்தான் நானும் எழுதிட்டு வந்திருக்கேன்" என்று நோட்டைப் பிரித்தாள்.

இரண்டு நாள் உட்கார்ந்து பேசினேன். நாற்பது காடு, பத்து லயம், ஒவ்வொன்றுக்கும் மேலே ஏறச் சொல்லி ஒன்று, கீழே இறங்கச் சொல்லி ஒன்று, உள்ளேயே இருக்கச் சொல்லி ஒன்று. எல்லாம் அவள் போனில் பதிவு. ஒவ்வொன்றையும் மேப்போடு ஒத்துப் பார்க்காமல் அடுத்ததற்குப் போக விடமாட்டேன் என்றாள். எனக்கே சலித்துவிட்டது, அவளுக்குச் சலிக்கவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி காலை மஸ்டரில் நானூறு பேர் முன்னால் ஒலிபெருக்கியில் என் குரலைப் போட்டாள். நான் லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டேன். "ஏட்டி, பம்ப் ஹவுஸ்கிட்ட ஒத்தையான் நிக்கான்! பல்ல இளிச்சிக்கிட்டு நிக்காம மேல் ரோட்டுக்கு ஏறுங்க!" ஒரே சிரிப்பு. அன்று சாயங்காலத்துக்குள் முன்னூற்றுச் சொச்சம் பேர் போன் நம்பரை மறுபடி கொடுத்துவிட்டார்கள். எங்கள் கேங்கில் பத்துப் பேர் கொடுத்தார்கள், ஒருத்தி இன்றுவரை கொடுக்கவில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். மூணாறு வேலை நிரந்தரமானது; முப்பதாம் தேதி எஸ்டேட் ஆபீசில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்டோரில் தன் கத்தரியை ஒப்படைத்தாள் மாரீஸ்வரி.

எனக்குக் கட்டுப் பிரித்தும் கால் பழையபடி வரவில்லை. சரிவில் நிற்க முடியாது. பிள்ளைக் காப்பகத்தில் லேசான வேலை கொடுத்திருக்கிறார்கள். பிப்ரவரியில் ஒருநாள், மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். லயத்தில் ஒருவரும் இல்லை. பின்பக்கம் காயப்போட்ட விறகை எடுக்கலாம் என்று கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தேன். போன் அடித்தது.

"ஏட்டி, லயத்துக்குப் பின்னால பலா மரத்துக்கிட்ட ஒத்தையான் நிக்கான்! கதவச் சாத்திக்கிட்டு உள்ள கெட! வேடிக்கை பாக்க வெளிய வந்தன்னா அப்புறம் என்கிட்ட பேசாத!"

என் குரல்தான். அந்தப் பலா மரம் என் விறகிலிருந்து இருபது அடி. வைத்த காலை எடுத்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டேன். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். பெரிய சாம்பல் விலா ஒன்று மெதுவாக நகர்ந்து போனது. விறகு மடமடவென்று முறிந்தது.

மறுபடி போன் அடித்தது. இந்தத் தரம் மாரீஸ்வரி.

"மதினி... உள்ளதான இருக்கீக?"

வைய வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வசவு வரவில்லை.

"உள்ளதாட்டி இருக்கேன்" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் நாற்காலியில் பொத்தென்று உட்காருகிற சத்தம் கேட்டது.